மழையில் நனைந்த விறகும் 68 டிகிரியில் நின்றுபோன பன்றியும்

போன இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் ராலே நகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு முழுப்பன்றி சுட்டோம். வட கரோலினாவில் இது ஊர் வழக்கம். சர்ச் விழாவோ தேர்தல் கூட்டமோ குடும்ப ஒன்றுகூடலோ எதுவானாலும் பன்றியை நெடுக்காகப் பிளந்து தணல் மேல் கிடத்தி ராத்திரி முழுக்க வேகவிட்டு, மறுநாள் எல்லோரும் சுற்றி நின்று பிய்த்துச் சாப்பிடுவார்கள். ‘பிக் பிக்கின்’ என்றே அதற்குப் பெயர். எய்டன் என்ற சின்ன ஊரில் ஸ்கைலைட் இன் கடைக்காரர்கள் 1947-லிருந்து இதை விறகுத் தணலிலேயே செய்துவருகிறார்கள்.

எங்களுடையது 45 கிலோ. சிமெண்ட் பிளாக்குகளை அடுக்கிச் செவ்வகமாக ஒரு அடுப்பு, நடுவில் கம்பித் தட்டி, மேலே தகர மூடி. கொஞ்சம் தள்ளி ஒரு இரும்புப் பீப்பாய். அதன் கீழ்ப்பாகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் சொருகியிருக்கும். ஓக், ஹிக்கரி விறகை மேலே போட்டு எரித்தால் கங்கு மட்டும் கம்பிகளின் இடைவெளியில் உதிரும், அதை மண்வாரியில் அள்ளிப் பன்றிக்கு அடியில் பரப்ப வேண்டும். விறகை நேரடியாக அடியில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். விறகு சூடாகும்போது முதலில் அதிலிருக்கும் ஈரமும், அப்புறம் எரியக்கூடிய வாயுக்களும் வெளியேறும். கொழுந்து விட்டு எரிவது அந்த வாயுக்கள்தான், புகையும் புகைக்கரியும் அந்தக் கட்டத்தில்தான் அதிகம். அது முடிந்தபின் மிஞ்சும் கங்கு அமைதியாக, அதிகப் புகையில்லாமல், செந்நிறமாகக் கனன்று வெப்பத்தைக் கதிராக வீசும். பன்றிக்கு வேண்டியது அந்தக் கதிர்தான்.

கங்கை எங்கே பரப்புகிறோம் என்பதும் முக்கியம். இறைச்சிக்குள் வெப்பம் ரொம்ப மெதுவாகத்தான் ஊரும், தடிமன் இரண்டு மடங்கானால் மையம் சூடாக எடுக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். விலாப்பகுதி மெல்லியது. பின்னந்தொடையும் முன்சப்பையும் தடித்தவை. அதனால் கங்கை இரண்டு முனைகளிலும் குவித்து, வயிற்றுக்கு அடியில் தூவினாற்போல் மட்டும் போடுவார்கள். வயிற்றிலிருந்துதான் கொழுப்பு அதிகம் சொட்டும், கங்கு அங்கே குவிந்திருந்தால் குப்பென்று தீப்பிடித்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

இரவு ஒன்பது மணிக்குப் பன்றியைத் தோல் மேலே இருக்கும்படி கிடத்தினோம். மறுநாள் மதியம் பன்னிரண்டுக்கு விருந்தாளிகள். மூடிக்கடியில் 120 டிகிரி, எல்லாம் சரியாகப் போனது, அதிகாலை மூன்று மணிக்கு மழை வரும்வரை. காற்று தார்ப்பாயைத் தூக்கி எறிந்துவிட, விறகு மொத்தமும் நனைந்தது. பீப்பாயில் தீ அடங்கி வெள்ளைப் புகை திரண்டு வந்தது. மூடிக்கடியில் 85 டிகிரிக்கு இறங்கிவிட்டது. சப்பையில் சொருகியிருந்த தெர்மாமீட்டர் 68-ஐத் தொட்டு அங்கேயே நின்றது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், அசையவில்லை. “அண்ணே, தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சா?” என்று தம்பி ஒருவன் கேட்டான். இல்லை, அது சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

விறகும் தகரமும் பன்றியும், மூன்றுமே தங்கள் வெப்பத்தை நீரிடம் இழந்துகொண்டிருந்தன. ஒரு லிட்டர் நீரைப் பூஜ்யத்திலிருந்து நூறு டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 420 கிலோஜூல் போதும். அதே ஒரு லிட்டரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும். அந்த வெப்பம் இருந்தால் பத்து கிலோ இறைச்சியை அறுபது டிகிரிக்கு மேல் சூடாக்கிவிடலாம். நனைந்த விறகு முதலில் தன் ஈரத்தை விரட்டத்தான் எரிகிறது, மிச்சம்தான் நமக்கு. மூடியில் விழும் மழையும் அப்படித்தான். 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர். அதில் பெரும்பகுதி வழிந்தோடினாலும் தகரத்தின் சூட்டை எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறது.

சரி, பன்றி ஏன் 68-ல் நின்றது? மழை பெய்யாத நாளிலும் அது நின்றிருக்கும் என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். தடித்த இறைச்சியை மெதுவாகச் சுடுகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள், 65-லிருந்து 75 டிகிரிக்குள் எங்கோ ஓரிடத்தில் மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கும். கொழுப்பு உருகுவதாலோ ஜவ்வு கரைவதாலோ வெப்பம் செலவாகிறது என்று ரொம்பக் காலம் நினைத்தார்கள். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் ஒரு எளிய சோதனை செய்து பார்த்தார். ஈரமான ஸ்பாஞ்சு ஒன்றையும் கொழுப்புக் கட்டி ஒன்றையும் சூட்டடுப்பில் வைத்தார். கொழுப்பு நிற்காமல் சூடேறிக்கொண்டே போனது. ஜவ்வே இல்லாத ஈர ஸ்பாஞ்சோ பாதியில் நின்றது. நம் வீட்டு மண்பானை தண்ணீரைக் குளிரவைப்பதும் இதே வழியில்தான்: மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. சூடாகச் சூடாக இறைச்சியிலிருந்து அதிக நீர் கசிகிறது, அதிக நீர் ஆவியானால் அதிகக் குளிர்ச்சி, உள்ளே வரும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் சமமாகும் இடத்தில் முள் நின்றுவிடும். அடுப்புச் சூடு குறைந்தால் அந்தத் தேக்கம் நீளும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

63 டிகிரி தொட்டு மூன்று நிமிடம் ஆறவிட்டாலே பன்றி இறைச்சித் துண்டு பாதுகாப்பானது என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது, அதனால் 68-ல் நிற்பதில் அந்தப் பயம் இல்லை. ஆனால் அப்போது எடுத்திருந்தால் சப்பை ரப்பர் மாதிரி இருந்திருக்கும். அதிகம் உழைக்கும் தசைகளில் கொலாஜன் என்ற புரதம் கயிறு முறுக்கியதுபோல் இருக்கிறது. அறுபதைத் தாண்டும்போது அது சுருங்கி இறைச்சியைப் பிழிகிறது. எழுபதுக்கு மேல் போய் அங்கே பொறுமையாக நேரம் செலவிட்டால்தான் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைகிறது. ஆட்டுக்கால் சூப் குடித்தபின் உதடு ஒட்டுமே, அந்தப் பிசுபிசுப்புதான் ஜெலட்டின். சப்பை விரலால் பிய்க்கும் பதத்துக்கு வர, தொண்ணூறு டிகிரியை நெருங்க வேண்டும்.

நாலரை மணிக்கு வேலையை ஆரம்பித்தோம். தகரத்தைச் சாய்த்து ஒரு பக்கமாக மழைநீர் வழியும்படி வைத்தோம், நனைந்த விறகை ஒதுக்கிவிட்டு, காரேஜில் காய்ந்திருந்த கரி மூட்டைகளைக் கொண்டுவந்து கரி பற்றவைக்கும் குழாயில் போட்டு வெளியே வைத்துப் பற்றவைத்தோம். காரேஜுக்குள்ளேயே பற்றவைத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார், நான் விடவில்லை. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பிடிக்கும், மணமும் கிடையாது, மூடிய இடத்தில் ஆளைக் கொன்றுவிடும். வெட்டினால் இறைச்சியின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்துக்குக் காரணமும் இதே வகைப் பிடிப்புதான்: கார்பன் மோனாக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் தசையிலுள்ள மயோகுளோபினோடு சேர்ந்து நிறத்தை அப்படியே நிறுத்திவிடுகின்றன. அதைப் பார்த்து வேகவில்லை என்று நினைக்க வேண்டாம்.

வெளிச்சம் வந்ததும் இரண்டு தட்டிகளுக்கு நடுவே பன்றியை வைத்து நாலு பேர் பிடித்துப் புரட்டினோம். இப்போது தோல் கீழே, சதை மேலே. தோல் நீரை எளிதில் வெளியே விடாது, அதனால் பன்றியே தனக்குப் பாத்திரம் ஆகிவிட்டது. மேலே அலுமினியத் தாளைப் போர்த்தினோம். ஆவி போக வழியில்லை என்றால் குளிர்ச்சியும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் தெர்மாமீட்டரில் எண் நகர்ந்தது. 71, 74, 80. நாலு பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தோலுக்கு மட்டும் எதிர்வழி வேண்டும். மொறுமொறுப்பாக, அதன் கொலாஜன் முதலில் இளகி, பிறகு பெரும்பாலான ஈரம் போய், மிஞ்சிய கொஞ்ச நீர் பலமான சூட்டில் சட்டென்று ஆவியாகி அதை உப்பவைக்க வேண்டும். எனவே கடைசி அரை மணி நேரம் தாளை எடுத்துவிட்டு அடியில் புதுக் கங்கு போட்டோம். பின்னந்தொடைப் பக்கம் நன்றாகப் பொரிந்தது. மழை அதிகம் இறங்கிய மூலையில் ஒரு கையளவு தோல் கடைசிவரை ஜவ்வாகவே இருந்தது.

மணி மூன்று. முன்சப்பை எலும்பைப் பிடித்து இழுத்தேன், சதை துளியும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. வினிகரும் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த கிழக்குக் கரோலினா சாஸை ஊற்றிக் கிளறினோம். மூன்று மணி நேரம் காத்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் தட்டை வாங்கிக்கொண்டு அடுப்போரமாகப் போய் நின்றார். தகரத்திலிருந்து அப்போதும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.