‘பாதை மந்திரம்’ யார் ஓதியது?

மருமகன் ஒருவன் அமெரிக்க நெடுநடை வீடியோக்களே கதியென்று கிடக்கிறான். போன கிழமை நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காட்டோரத்தில் ஒருவர் மடக்குமேசை விரித்து, முதுகில் பொதியோடு வந்தவர்களுக்குப் பணிசும் சோடாவும் கொடுக்கிறார். கீழே தமிழில் ‘பாதை மந்திரம்’ என்று எழுத்து ஓடுகிறது. இதே சொல்லை நான் காண்பது மூன்றாம் தடவை.

“மஜிக் எண்டா மந்திரம்தானே மாமா?” என்றான்.

சரி, மூலச்சொல்லைப் பார்ப்போம். ‘ட்ரெயில் மஜிக்’ என்பது அப்பலாச்சியன் நெடும்பாதையில் நடப்பவர்களின் பேச்சுவழக்கு. ஜோர்ஜியாவிலிருந்து மெயின் வரை 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர். 1937இல் முழுதாகத் திறந்த பாதை. அதில் மாதக்கணக்காக நடப்பவருக்கு முன்பின் தெரியாத ஒருவர் எதிர்பாராமல் தரும் சாப்பாடு, வாகனத்தில் ஒரு சவாரி, இரவு படுக்க ஓர் இடம், எல்லாம் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். கொடுப்பவர் ‘ட்ரெயில் ஏஞ்சல்’. ‘ட்ரெயில்’ இழுத்துச் செல்வதைக் குறித்த சொல்லின் வழி வந்தது. ‘மஜிக்’ பழைய பாரசீகப் பூசாரிகளின் பெயரிலிருந்து. இதற்கு மேல் கிண்ட ஒன்றுமில்லை.

தமிழில்தான் சிக்கல். யாழ்ப்பாணத்தில் ‘பாதை’யையும் ‘மந்திர’த்தையும் சேர்த்துச் சொன்னால் என்ன நினைவு வரும்? முச்சந்தியில் கழிப்புக் கழித்து எறிந்த தேசிக்காய்! அதைக் கண்டால் சைக்கிளைச் சுற்றி வளைத்து ஓட்டும் ஆட்கள் நாங்கள். ‘பாதை மாயம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது இன்னும் மோசம். பத்திரிகையில் ‘மாயம்’ என்றால் ஆளைக் காணவில்லை என்று பொருள். இந்த மண்ணில் அந்தச் சொல்லை விளையாட்டாக எழுத எனக்குக் கை வராது.

மந்திரக் கட்சிக்காரருக்கு ஒரு நியாயம் உண்டு: எதிர்பாராமல் வந்தது என்ற வியப்பு சொல்லில் தெரிய வேண்டுமாம். பெரியபுராணத்தை ஒருக்கால் புரட்டட்டும். திருக்குருகாவூருக்குப் போகும் வழியில் சுந்தரர் பசியாலும் தாகத்தாலும் வாடுகிறார். வழியிலே பந்தல் போட்டு வேதியர் வடிவில் காத்திருந்த சிவபெருமான் பொதிசோறும் தண்ணீரும் கொடுக்கிறார். உண்டு களைப்பாறி எழுந்து பார்த்தால் பந்தலும் இல்லை, வேதியரும் இல்லை. இதைவிடப் பெரிய மஜிக் எந்தக் காட்டில் நடந்தது? அப்படியிருந்தும் நாங்கள் அதைப் பொதிசோறு என்றே சொல்லி வருகிறோம். கொடுத்த பொருளுக்குப் பெயர் இருக்கிறது. வியப்பைக் கதை பார்த்துக்கொள்கிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்கோ அகராதியில் முதலாவதாகக் கிடைக்கிற சொல்லே போதும். அந்தச் சொல் எங்கள் ஊரில் எந்தச் சந்தியில் கிடக்கிறது என்று பார்ப்பதில்லை.

‘விருந்தோம்பல்’ சரிவராதா என்று கேட்பீர்கள். விருந்து என்றால் புதுமை, புதிதாக வந்தவர், அதுவரை பொருந்துகிறது. ஆனால் அது வீட்டுக்கு வந்தவரைப் பேணுவது. இங்கே வீடே தெருவுக்கு வருகிறது. பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்: தெருவையே மூடிக் கூரை, இரு பக்கமும் திண்ணை, நடுவால் போக்குவரத்து. ‘ஆற்றுணா’ என்று ஒரு நல்ல பழஞ்சொல் உண்டு. ஆறு என்றால் வழி. ஆனால் அது நாமே கட்டிக்கொண்டு போகும் சோறு. கற்றவனுக்கு எந்த நாடும் தன் நாடே, அவனுக்கு ஆற்றுணா வேண்டாம் என்கிறது பழமொழி நானூறு. ‘அன்னதானம்’ என்றால் பந்தி, வரிசை, ஒலிபெருக்கி.

ஆகவே என் சொல் ‘வழிக்கொடை’. கொடை என்றதும் தமிழகத்தின் தென்பக்கத்தார் அம்மன் கோயில் திருவிழாவை நினைப்பார்கள். பரவாயில்லை, அங்கேயும் சோறு உண்டு. ஜப்பானில் ஷிகோகு தீவின் 88 கோயில்களைச் சுற்றி நடப்பவர்களுக்கு ஊரார் கொடுப்பதற்கு ‘ஒசெத்தாய்’ என்று பெயர். அதையும் இந்தச் சொல் தாங்கும்.

கொடுப்பவருக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ‘பந்தல்காரர்’ என்றால் கதிரை வாடகைக்குக் கேட்டு ஆள் வரும். ‘தேவதை’ வேண்டவே வேண்டாம்.

ஒருமுறை செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காம யாத்திரைக்காரருடன் நானும் இரண்டு நாள் நடந்தேன். மிச்சத் தூரத்துக்குக் கால் விடவில்லை. முதல் நாள் மத்தியானம், ஒரு படலையடியில் வயதான அம்மா ஒருவர் அலுமினிய வாளியும் செம்புமாக நின்றார். “சாமி, நில்லுங்கோ, குடிச்சிட்டுப் போங்கோ.” தேசிக்காய்த் தண்ணி, உப்புக் கொஞ்சம் கூட. இரண்டாம் செம்பையும் நான் நீட்டிய கையில் ஊற்றினார். பெயர் கேட்டேன்.

“அது என்னத்துக்கு? பின்னால வாறவை காத்து நிக்கினம், தள்ளுங்கோ” என்றார்.