ஒரு ஏப்ரன் துணியும் இரண்டு நீதிபதிகளும்

"சட்டத்தைக் கரைத்துக் குடித்த ஆங்கில நீதிபதி மேத்யூ ஹேல், சூனியக்காரிகள் என்று இரண்டு பெண்களைத் தூக்குக்கு அனுப்பியது எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தக் காலத்து அறியாமை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வழக்கில் சரியான பரிசோதனை நடந்தது, சரியான விடையும் கிடைத்தது. கோளாறு அதற்குப் பிறகுதான்.

1662 மார்ச், இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ். ஆமி டென்னி, ரோஸ் கல்லெண்டர் என்ற இரு விதவைகள் சிறுமிகளுக்குச் சூனியம் வைத்ததாக வழக்கு. வலிப்பு வந்த சிறுமிகளின் இறுகிய கையை எந்தப் பலசாலியாலும் விரிக்க முடியவில்லை. ரோஸ் லேசாகத் தொட்டதும் அலறிக்கொண்டு விரித்தார்கள்.

இதில் ஏமாற்று இருக்கலாம் என்று ஆட்சேபம் எழுந்தது. கார்ன்வாலிஸ் பிரபு, எட்மண்ட் பேக்கன், வழக்கறிஞர் கீலிங் ஆகியோரை ஹேல் சோதிக்கச் சொன்னார். மண்டபத்தின் மறுகோடியில் ஒரு சிறுமியின் கண்களை ஏப்ரனால் மறைத்து, ஆமியை அருகே கொண்டுவந்தார்கள். ஆனால் தொட்டது வேறொருவர். கை விரிந்தது!

இந்த ஏப்ரன் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண் திறந்திருக்கும்போது 'அவள் தொடுகிறாள்' என்பதும் 'அவள் தொடப்போகிறாள் என்ற எதிர்பார்ப்பு' என்பதும் ஒட்டியே வருகின்றன. கையை விரிப்பது எது என்று பிரிக்க வழியில்லை. கண்ணை மறைத்து ஆளை மாற்றினால் எதிர்பார்ப்பு அப்படியே இருக்கும், தொடும் ஆள் மட்டும் மாறுவார். அப்போதும் கை விரிந்தால், அதை விரிக்கச் சூனியக்காரி தேவையில்லை என்று அந்த ஒரு தடவையிலேயே தெரிந்துவிடும்.

ஒருவேளை விரியாமல் இருந்திருந்தால்? அது சூனியத்துக்கு நிரூபணம் ஆகாது. இருவரில் யார் என்று குருட்டாம்போக்கில் ஊகித்தாலே பாதி தடவை சரியாக வரும். 6 முறையும் சரியாக வரும் வாய்ப்பு 64-ல் 1. அதனால் பலமுறை செய்ய வேண்டும், வரிசையை நாணயம் சுண்டித் தீர்மானிக்க வேண்டும். காலடி ஓசை, கையின் சொரசொரப்பு, துணியின் அடியில் தெரியும் இடுக்கு எல்லாமே காட்டிக்கொடுக்கும். கை விரிந்ததா என்று குறிப்பவருக்கும் தொட்டவர் யார் என்று தெரியக்கூடாது. இன்றைய மருந்துச் சோதனைகளின் முதுகெலும்பே இதுதான். ஆகும் செலவு, ஒரு முழத் துணி. பணமில்லை என்பதால் விடப்படும் சோதனைகள் உண்டு. மூடநம்பிக்கையைச் சோதிக்க அந்தச் சாக்கு செல்லாது.

போனவர்கள் திரும்பி வந்து, எல்லாம் பாசாங்கு என்றே நம்புவதாகச் சொன்னார்கள். சிறுமிகளில் இருவரின் தந்தையான சாமுவேல் பேசி (Pacy) என்பவர் ஒரு விளக்கம் தந்தார்: சூனியக்காரிதான் தொட்டாள் என்று அந்தச் சிறுமி தவறாக எண்ணியிருக்கலாம். எதிர்பார்ப்பே போதும் என்பதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரிதான். ஆனால் அது சூனியத்துக்குச் சாட்சியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. விரிந்தாலும் சூனியம், விரியாவிட்டாலும் சூனியம் என்றால் பிறகு சோதனை எதற்கு? சாட்சியங்களைத் தொகுத்துச் சொல்லாமல், சூனியக்காரிகள் இருப்பதில் ஐயமில்லை என்று ஜூரிகளிடம் சொல்லி முடித்தார் ஹேல். அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

1692-ல் அமெரிக்காவின் சேலத்திலும் கைதொடு சோதனை நடந்தது. சூனியக்காரியின் கண்ணிலிருந்து கிளம்பும் நச்சுத் துகள்கள், அவள் தொட்டதும் அவளிடமே திரும்பிப் போகின்றனவாம்! அறிவியல் போலவே ஒலிக்கும் இந்த விளக்கத்தைப் பாஸ்டன் வணிகர் தாமஸ் பிராட்டில் அப்போதே கண்டித்து எழுதினார். 19 பேர் தூக்கில் இறந்தார்கள். அந்த வழக்குகளின் நீதிபதிகளில் சாமுவேல் சூவல் மட்டும் 1697-ல் பாஸ்டன் தேவாலயத்தில் எல்லோர் முன்னும் எழுந்து நின்று பழியை ஏற்றார்.

இங்கிலாந்தின் தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட் முன் வந்த சூனிய வழக்குகள் எல்லாம் விடுதலையில்தான் முடிந்தன. ரிச்சர்ட் ஹாத்வே என்பவன், சாரா மார்டக் வைத்த சூனியத்தால் பார்வையும் பேச்சும் போனதாகவும், அவளைக் கீறி ரத்தம் எடுத்தால் குணமாகும் என்றும் சொல்லிவந்தான். ஒரு பாதிரியார் சாராவை அறைக்குள் அழைத்து வந்து, வேறொரு பெண்ணின் கையை அவனிடம் நீட்டவைத்தார். கீறினான், கண் திறந்தது. ஹோல்ட் இதற்குச் சாக்குப்போக்கு எதையும் ஏற்கவில்லை. சாரா விடுதலையானார். 1702-ல் ஹாத்வேயே மோசடிக் குற்றவாளியாக நின்று, சாட்டையடியும் சிறையும் பெற்றான்.