முப்பதாவது விநாடியில் நின்ற தீர்த்தவாரி

புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகத்தன்று நடக்கும் தீர்த்தவாரியைப் பார்க்க முடியவில்லையே என்ற ஏக்கம், பாரிஸ் புறநகரில் குடியேறிவிட்ட எங்கள் அத்தைக்கு ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இந்த முறை தம்பி மகள் தன் புதிய கைபேசியில் எட்டு நிமிடம் படம்பிடித்துக் கொடுத்தாள். முத்தியால்பேட்டை வீட்டின் ஒரு மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய அலுவலகக் கணினிதான், வீடியோக்களைச் சேமித்துக் கேட்கும் திரைகளுக்கு அனுப்பும் எங்கள் மீடியா சர்வர். அதில் கோப்பை ஏற்றி, வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்து, அருமையாக ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே அத்தைக்குச் சொன்னேன். இங்கே இரவு 9.30, அங்கே மாலை 5 மணி. உடனே அழைப்பு வந்தது: "ஒண்ணுமே வரலப்பா. இயக்க முடியலன்னு எழுத்து மட்டும் வருது." ஓர் அமைப்பை மாற்றிவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். இப்போது படம் வந்தது. ஆனால் சரியாக அரை நிமிடத்தில் நின்றது. "சாமி கடல்ல இறங்கறதுக்கு முன்னாடியே நின்னுடுது, தம்பி" என்றார்.

பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: படம் ஓடவில்லை. சர்வருக்குள்ளே அவை வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காரணத்தால் நிகழ்ந்தவை. திரையில் வரும் செய்தி அந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை. அதனால் எந்த அமைப்பையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதற்கு முன், வீடியோவை வேறொரு வடிவத்துக்கு மாற்றும் டிரான்ஸ்கோடிங் என்ற வேலை எப்படி நடக்கிறது என்பதை அறிந்துகொள்வது பயன் தரும்.

நான்கு-கே காட்சியின் ஒரு சட்டகத்தில், அதாவது ஒரு தனிப் படத்தில், 3840 × 2160, அதாவது 82,94,400 பிக்சல்கள் இருக்கின்றன. நம் கண் ஒளியின் வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிறத்தின் வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் உணர்வதால், நிறத் தகவலை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தே சேமிப்பார்கள். அப்படிக் குறைத்த பிறகும், 10 பிட் ஆழத்தில் விநாடிக்கு 30 சட்டகம் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 373 கோடி பிட் வருகிறது. தம்பி மகளின் கோப்போ விநாடிக்கு 2.5 கோடி பிட், அதாவது 25 மெகாபிட் அளவில் அடங்கிவிட்டது. சுமார் 150 மடங்கு சுருக்கம் இது. அடுத்தடுத்த சட்டகங்களில் மாறாத பகுதிகளைத் திரும்ப எழுதாமல் 'முந்தைய சட்டகத்தில் இருந்தது இங்கே நகர்ந்திருக்கிறது' என்று மட்டும் குறித்துவைப்பது அதில் ஒரு பாதி. மீந்த சிறு வேறுபாடுகளை அலைவரிசைகளாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணியவற்றைக் கழித்துவிடுவது மறுபாதி. அந்த இரண்டாம் பாதியின் அடித்தளமான கொசைன் உருமாற்றத்தைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர்; 2003இல் வந்த ஹெச்.264 கோடெக்கும் 2013இல் வந்த ஹெச்இவிசி கோடெக்கும் அதன் வழிவந்த கணக்கையே செய்கின்றன.

ஒரு கோப்பைக் கேட்டவுடன் சர்வர் முதலில் செய்வது ஒப்பீடு. கேட்கும் சாதனம் எந்தக் கோடெக், எந்தப் பெட்டக வடிவம் (படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் எம்பி4 போன்ற கோப்பு வகை), எந்த ஒலி, எவ்வளவு பிட் வேகம் ஆகியவற்றை ஏற்கும் என்ற பட்டியலைக் கோப்போடு பொருத்திப் பார்க்கிறது. எல்லாம் பொருந்தினால் கோப்பு அப்படியே போகும்; சர்வருக்கு அது வெறும் கோப்பு நகல் போன்ற எளிய வேலை. பெட்டகம் மட்டும் பொருந்தவில்லை என்றால் உள்ளிருப்பதைத் தொடாமல் பெட்டகத்தை மாற்றும், ஒலி மட்டும் பொருந்தவில்லை என்றால் ஒலியை மட்டும் மாற்றும், இவையும் இலேசானவைதான். படமே பொருந்தாதபோதுதான் முழு டிரான்ஸ்கோடிங் தொடங்குகிறது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி ஹெச்இவிசி 10 பிட்டை நேரடியாக ஏற்பது. அத்தையின் கருவியிலோ, எங்கள் இணைப்பின் பதிவேற்ற வேகத்தை மனத்தில் வைத்து, விநாடிக்கு 4 மெகாபிட் என்று நானே வரம்பு வைத்திருந்தேன். 25 மெகாபிட் கோப்பு அந்த வரம்புக்குள் நுழைய முடியாது. 'வீட்டில் ஓடுகிறது, வெளியே ஓடவில்லை' என்ற முறையீட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுவே இருக்கும்: வீட்டில் டிரான்ஸ்கோடிங் நடக்கவே இல்லை.

மீடியா சர்வர் மென்பொருள் ஜெல்லிஃபின், பிளெக்ஸ், எம்பி எதுவானாலும் இந்த வேலையைச் செய்வது எஃப்எஃப்எம்பெக் என்னும் திறமூல மென்பொருளோ அதன் திருத்திய வடிவமோதான். பெட்டகத்தைப் பிரித்தல், படத்தை விரித்தல், அளவும் நிறமும் மாற்றுதல், மீண்டும் சுருக்குதல், சில விநாடித் துண்டுகளாக நறுக்கிப் பெட்டகத்தில் இடுதல் என வேலை கைமாறிக் கைமாறிப் போகும். ஒரு கையில் தடை வந்தால் அடுத்த கைகள் எல்லாம் வெறுங்கையாக நின்று, தத்தம் பங்குக்கு ஒரு பிழைச் செய்தியை எழுதிவிட்டுப் போகும். ஆகவே சர்வர் தன் செயல்களை வரிவரியாகப் பதியும் லாக் கோப்பின் கடைசி வரியில் 'மாற்றம் தோல்வியுற்றது' என்று இருப்பதைப் பார்த்துப் பயனில்லை. அங்கிருந்து மேலே மேலே போய், முதன்முதலில் பிழை என்று எழுதப்பட்ட வரியைப் பிடிக்க வேண்டும். நாற்பது வரி பிழைக்கு மூலம் ஒரே வரியாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அன்றிரவு என் லாக்கில் அந்த முதல் வரி, 'விஏஏபிஐ வடிவத்தை அமைக்க முடியவில்லை, வன்பொருள் முடுக்கம் பிழை தந்தது' என்ற பொருளில் இருந்தது. விஏஏபிஐ என்பது லினக்ஸில் கிராபிக்ஸ் சில்லிடம் வீடியோ வேலையைக் கொடுக்கும் வழி. படத்தை விரிக்கும் கையிலேயே தடை என்று அந்த வரிக்கு அர்த்தம். லினக்ஸில் விஏஇன்ஃபோ என்று ஒரு சிறு கட்டளை உண்டு. கிராபிக்ஸ் பகுதி எந்தக் கோடெக்கின் எந்த வகையைக் கையாளும் என்று வரிசையாகச் சொல்லிவிடும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'விஎல்டி' என்றிருந்தால் விரிக்க முடியும், 'என்க்ஸ்லைஸ்' என்றிருந்தால் சுருக்க முடியும் என்று கொள்ளலாம். என் கணினியில் 8 பிட்டுக்கான 'ஹெச்இவிசி மெயின்' என்ற வரி இருந்தது. 10 பிட்டுக்கான 'ஹெச்இவிசி மெயின்10' என்ற வரி இல்லை. சர்வரின் அமைப்புப் பக்கத்திலோ 'ஹெச்இவிசி 10 பிட்' என்ற கட்டத்திலும் நான் எப்போதோ குறியிட்டு வைத்திருந்தேன். இல்லாத வேலையாளுக்கு வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறது சர்வர்.

8 பிட், 10 பிட் என்பது அவ்வளவு பெரிய வேறுபாடா என்று கேட்கலாம். 8 பிட்டில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள். மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 1.68 கோடி நிறங்கள். 10 பிட்டில் 1024 படிகள், 107 கோடி நிறங்கள். மாலைக் கடலுக்கு மேலே மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மெல்ல மாறும் வானத்தில், 8 பிட் காட்சியில் தெரியும் வரிவரியான பட்டைகள் 10 பிட்டில் மறைந்துவிடுகின்றன. ஆனால் கிராபிக்ஸ் சில்லுக்குள் படத்தை விரிக்கும் பகுதி, அந்த ஒரே வேலைக்கென்று சிலிக்கனில் நிரந்தரமாகச் செதுக்கப்பட்ட சுற்று. 8 பிட்டுக்குச் செதுக்கியதை மென்பொருள் புதுப்பிப்பால் 10 பிட் ஆக்க முடியாது. இன்டெல் செயலிகளில் 2015இல் வந்த 6ஆம் தலைமுறையின் சுற்று ஹெச்இவிசி 8 பிட்டோடு நின்றுவிடுகிறது. 10 பிட்டுக்கு முழு ஆதரவு அதற்கடுத்த 7ஆம் தலைமுறையில்தான் வந்தது. என்னுடையது 6ஆம் தலைமுறை. இரண்டாம் கையில் கணினி வாங்கி சர்வர் அமைக்க நினைப்பவர்கள், நினைவகத்தின் அளவைக் கேட்பதற்கு முன் தலைமுறை எண்ணைக் கேட்க வேண்டும் என்று சொல்வேன்.

அந்தக் குறியை எடுத்ததும் வேலை மையச் செயலியின் தலையில் விழுந்தது. அது எதையும் செய்யும், மெதுவாகச் செய்யும். இப்போது லாக்கில் பிழை ஏதும் இல்லை. ஓடிக்கொண்டே இருக்கும் நிலை வரியில் 'எஃப்பிஎஸ் 18' (விநாடிக்கு 18 சட்டகம்) என்றும் 'ஸ்பீடு 0.6எக்ஸ்' என்றும் இருந்தன. டிரான்ஸ்கோடிங்கில் எனக்கு மிகவும் பிடித்த எண் இந்த ஸ்பீடுதான். 1-க்கு மேலே இருந்தால் பார்ப்பவருக்கு முன்னால் சர்வர் ஓடுகிறது. கீழே இருந்தால் பார்ப்பவர் சர்வரைத் துரத்திப் பிடித்துவிடுவார். 12 விநாடிக்கான துண்டுகள் கையிருப்பில் சேர்ந்த பிறகு படம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விநாடியும் ஒரு விநாடி செலவு, 0.6 விநாடி வரவு. பற்றாக்குறை 0.4. பன்னிரண்டை 0.4 ஆல் வகுத்தால் 30. அத்தையின் திரை அரை நிமிடத்தில் நின்றதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான்.

ஏன் அவ்வளவு மெதுவு? விரிப்பது பாதி பளு என்றால், மீதிப் பாதி நிற மாற்றம். கைபேசி எடுத்தது ஹெச்டிஆர் காட்சி. அதன் வெளிச்ச வீச்சைச் சாதாரணத் திரையின் வீச்சுக்குள் கொண்டுவராவிட்டால் படம் சாம்பல் பூத்தது போல வெளிறித் தெரியும். அதற்காக ஒவ்வொரு பிக்சலின் மதிப்பையும் ஒரு வளைகோட்டின் வழியே மறுகணக்கிட வேண்டும். இந்தக் கணக்கை கிராபிக்ஸ் பகுதியிடமே கொடுக்கலாம். ஆனால் மையச் செயலி விரித்த சட்டகத்தை அங்கே கொண்டுசெல்ல வேண்டும். 10 பிட் மதிப்பை 16 பிட் இடத்தில் வைத்தே கையாள்வதால் ஒரு சட்டகம் 24.9 மெகாபைட், விநாடிக்கு 30 என்றால் சுமார் 746 மெகாபைட்டை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. மேலும், கிராபிக்ஸ் நினைவகத்தில் இருக்கும் சட்டகத்தை மையச் செயலியில் ஓடும் வடிகட்டியிடம் முறையாக இறக்கித் தராமல் நேரே நீட்டினால், எஃப்எஃப்எம்பெக் 'இவ்விரு வடிவங்களுக்கிடையே மாற்ற இயலாது' என்று சொல்லி அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளும். வன்பொருளும் மென்பொருளும் பாதிப் பாதியாகக் கலந்த சங்கிலிதான் அதிகம் அறுபடுகிறது. முழுவதும் இந்தப் பக்கம் அல்லது முழுவதும் அந்தப் பக்கம் இருப்பதே நல்லது.

வெயில் காலத்தில் இன்னொன்றும் சேரும். சில்லின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடல் காற்றின் உப்பும் தூசியும் படிந்த மின்விசிறியோடு சித்திரை மதியத்தில், மாசியில் 1.1 காட்டிய ஸ்பீடு 0.9-க்கு இறங்கிவிடலாம். மென்பொருளில் தேடிக் கிடைக்காத காரணம் சில நேரம் தூரிகையால் துடைக்கும் இடத்தில் இருக்கிறது.

மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் பிரித்து இயக்கும் டாக்கர் கன்டெய்னருக்குள் சர்வரை ஓட்டுபவர்களுக்கு வேறொரு முதல் வரி வரும்: 'அனுமதி மறுக்கப்பட்டது'. லினக்ஸில் கிராபிக்ஸ் சில்லும் ரெண்டர்டி128 போன்ற பெயருடைய ஒரு கோப்பாகவே தெரியும். அதைத் திறக்க ரெண்டர் என்ற குழுவில் இடம் வேண்டும். கன்டெய்னருக்குள் அந்தக் கோப்பைக் காட்டினால் மட்டும் போதாது, குழுவின் எண்ணையும் தர வேண்டும். அந்த எண் கணினிக்குக் கணினி வேறுபடும். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய மறுநாள் எல்லாம் நின்றுபோனால் முதலில் இதைப் பாருங்கள். 'இடம் இல்லை' என்ற வரி வந்தால், நறுக்கிய துண்டுகள் சேரும் தற்காலிகக் கோப்புறை நிரம்பிவிட்டது என்று பொருள். வெளியேற்ற எண் 137 என்றிருந்தால் பெரும்பாலும் நினைவகம் போதாமல் இயங்குதளமே எஃப்எஃப்எம்பெக்கை நிறுத்தியிருக்கும்.

தமிழ் வசன வரிகளைப் படத்தின் மேலேயே பதித்து அனுப்பும்போது வரும் பழுது தனி வகை. லாக்கில் பிழை இருக்காது. எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் இருக்கும். சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே காரணம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவினால் தீரும். அதன் பிறகும் 'கொ' என்பதில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் நின்றால், எழுத்துகளைக் கோர்த்துத் தரும் ஹார்ஃபஸ் நூலகம் இல்லாமல் வசன வரிகளைப் பதிக்கும் மென்பொருள் தொகுக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கணினிக்குள் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து துணைக்காலை வலப்பக்கம் நிறுத்துவது அந்த நூலகத்தின் வேலை.

கோப்பே குறைப்பட்டதாகவும் இருக்கலாம். எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கருவிகள் பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் எழுதும். நடுவில் பேட்டரி தீர்ந்தாலோ, நகலெடுக்கும்போது மின்சாரம் போனாலோ, அட்டவணை இல்லாத கோப்பு மிஞ்சும். லாக்கில் 'மூவ் ஆட்டம் காணவில்லை' என்று வரும். அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் இது ஓடாது. மூலக் கருவியில் கோப்பு இருந்தால் மறுபடி நகலெடுக்கலாம். இல்லாவிட்டால், அதே கருவியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டி அட்டவணையை மீட்டுத்தரும் மென்பொருள்களை முயலலாம்.

அத்தையின் வீடியோவுக்கு வருகிறேன். 0.6 என்ற வேகம் யாராவது காத்திருக்கும்போது மட்டுமே குறை. அதே எட்டு நிமிடக் கோப்பை, அன்றிரவே நிதானமான அமைப்பில், 1080 வரிகள், ஹெச்.264, 8 பிட், 4 மெகாபிட்டுக்குச் சற்றுக் கீழே என்று முன்கூட்டியே மாற்ற விட்டேன். ஸ்பீடு 0.2 என்றே காட்டியது, நாற்பது நிமிடம் ஆனது, 1.5 ஜிகாபைட் கோப்புக்குப் பக்கத்தில் 240 மெகாபைட்டுக்குள் ஒரு நகல் உருவானது. மூலத்தை அழிக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துப் பின்னால் வகையை மட்டும் குறித்ததால், சர்வர் அவற்றை ஒரே வீடியோவின் இரு வடிவங்களாகக் காட்டியது. அத்தையிடம் சிறியதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். மறுநாள் மாலை எட்டு நிமிடமும் பார்த்து முடித்துவிட்டு, "மறுபடியும் முதல்லேருந்து போட்டிருக்கேன்" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே லாக் கோப்புறையைத் திறந்தேன்; எஃப்எஃப்எம்பெக் எழுதிய புதிய கோப்பு ஒன்றுகூட அதில் இல்லை.