ஓவர்வாட்சில் டேங்க் ஆடுவோர் கவனத்திற்கு

ஓவர்வாட்ச் என்ற இணையவழி அணிச் சுடுதல் விளையாட்டில் பயிற்சிக்கு வரும் அணிகளின் ரீப்ளேக்களை, அதாவது ஆட்டப் பதிவுகளைப் பார்த்துக் குறை நிறைகளைச் சொல்வது என் தொழில். தோற்றுப்போன ஆட்டத்தோடு வரும் டேங்க் (அதிக அடி தாங்கக்கூடிய பாத்திரம்) ஆட்டக்காரர்களில் பலர், ஸ்கோர்போர்டில் தம் பெயருக்கு நேரே இருக்கும் தடுப்புக் கணக்கைத்தான் முதலில் காட்டுவார்கள். "இவ்வளவு டேமேஜைத் தடுத்திருக்கிறேன் சார், மற்றவர்கள்தான் எதுவும் செய்யவில்லை" என்பது அநேகமாக எல்லாரும் சொல்லும் வாக்கியம். அந்த எண்ணில் பிழை கிடையாது. ஆனால் எந்த இடத்தில் நின்று, எதற்காக, யாரைக் காக்கத் தடுத்தோம் என்பது அந்த எண்ணில் தெரியாது. யாருக்கும் பயனில்லாத ஒரு தெருவில் நின்று ஷீல்டை உடைத்துக்கொண்டவருக்கும் அதே அளவு கணக்கு ஏறும்.

இந்தக் குழப்பத்தின் வேர் பழைய விளையாட்டுகளில் இருக்கிறது. 2004இல் வெளியான வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் போன்றவற்றில், எதிரே நிற்கும் அரக்கனை இயக்குவது கணினி. அது யார்மீது பாய வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. டேங்க் அதைச் சீண்டித் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அடி வாங்கிக்கொண்டிருந்தால், பின்னால் இருப்பவர்கள் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள். ஓவர்வாட்சில் எதிரே இருப்பவர்கள் மனிதர்கள். உங்களைச் சுடுவது தங்களுக்கு லாபம் என்றால் சுடுவார்கள். இல்லையென்றால் உங்களைச் சுற்றிக்கொண்டு போய், குணப்படுத்தும் உங்கள் ஹீலரைக் கொல்வார்கள். போதாக்குறைக்கு, ஷீல்டில் படாமல் உங்கள் உடலில் படும் ஒவ்வொரு அடியும் அவர்களுடைய அல்டிமேட்டை, அதாவது சேர்த்துவைத்துப் பயன்படுத்தும் பெரிய சக்தியை, நிரப்புகிறது. டேங்கை அடித்தால் இது சற்றுக் குறைவாக ஏறும்படி ஓவர்வாட்ச் 2இல் விதியைத் திருத்தினார்கள் என்றாலும், திறந்தவெளியில் நின்று வாங்கிக் கட்டிக்கொள்பவர் எதிரணிக்குத்தான் உழைக்கிறார்.

எனவே என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: டேங்கின் வேலை இடம் பிடித்துத் தருவது. எதிரி ஒரு மூலையில் நிற்க முடியாதபடி செய்து, அந்த மூலையைத் தன் அணிக்குக் கொடுப்பவரே நல்ல டேங்க். அடி தாங்குவது அதற்காக ஆகும் செலவு. செலவைக் குறைத்துக்கொண்டு அதே இடத்தைப் பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கிங்ஸ் ரோ என்ற ஆட்டக்களத்தில் தாக்கும் அணியின் ரைன்ஹார்ட்டை (ஷீல்டும் சுத்தியலும் ஏந்திய டேங்க்) எடுத்துக்கொள்வோம். கதவு திறந்தவுடன் ஷீல்டை உயர்த்திக்கொண்டு தெருவின் நட்டநடுவே நடக்கத் தொடங்குகிறார். சிலை நிற்கும் வெளிக்கு முன்னுள்ள குறுகிய திருப்பத்தை அடைவதற்குள், தொலைவிலிருந்தே சுட்டு ஷீல்டில் பாதிக்கு மேல் கரைத்துவிடுகிறார்கள். சண்டை உண்மையில் தொடங்க வேண்டிய இடத்தில் இவரிடம் விரிசல் விட்ட கண்ணாடியும், எதிரே சுவரை ஒட்டிக் காத்திருக்கும் ரைன்ஹார்ட்டிடம் முழு ஷீல்டும் இருக்கின்றன. அதன்பின் நடப்பதைப் பார்க்கவே தேவையில்லை. அதே தெருவில் தேர்ந்த ஒருவர் கட்டட ஓரமாக, ஷீல்டை இறக்கியபடி வருவார். வெட்டவெளியைக் கடக்கும் இரண்டு மூன்று நொடிகளுக்கு மட்டும் உயர்த்துவார். அடுத்த சுவருக்குப் பின்னால் வந்ததும் இறக்கிவிடுவார். பயன்படுத்தாத சிறிது நேரத்திலேயே ஷீல்டு தானாக நிரம்பத் தொடங்கிவிடும். சுவரோ எத்தனை அடித்தாலும் உடையாது. மறுபடி பயன்படுத்தக் காத்திருக்க வேண்டிய கூல்டவுனும் அதற்கு இல்லை. இந்த விளையாட்டின் மிக வலிமையான ஷீல்டு சுவர்தான் என்று நான் சொல்லும்போது பலர் சிரிப்பார்கள். அடுத்த வாரம் அவர்கள் கொண்டுவரும் ரீப்ளேயில் சுவரோரமாக நடப்பார்கள்.

ரைன்ஹார்ட் ஷீல்டைப் பிடித்திருக்கும்போது சுத்தியலை வீச முடியாது. அதாவது, தடுக்கும் ஒவ்வொரு நொடியும் மிரட்ட முடியாத நொடி. எப்போதும் ஷீல்டுக்குப் பின்னாலேயே இருப்பவரைக் கண்டு எதிரி பயப்படுவதில்லை; தைரியமாக நெருங்கி வருவான். சுத்தியல் வீச்சும் ஃபயர் ஸ்டிரைக் என்ற நெருப்பு வீச்சும் எதிரியின் ஷீல்டைத் தாண்டிப் போகக்கூடியவை என்பதால், இரண்டு ரைன்ஹார்ட்டுகள் மூலையில் மோதும்போது துணிந்து வீசுபவருக்கே பெரும்பாலும் இடம் கிடைக்கிறது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எதிரி ரைன்ஹார்ட்டின் அல்டிமேட்டான எர்த்ஷேட்டர் தயாராக இருக்கலாம் என்று தோன்றினால், அவருக்கு நேர் எதிரே நின்று ஷீல்டை இறக்குவது அணியையே படுக்க வைக்கும் செயல். எர்த்ஷேட்டரை ஷீல்டு தடுக்கும். ஆனால் முகம் சரியான திசையில் இருக்க வேண்டும். நேராகப் பாய்ந்தோடும் சார்ஜ் பற்றி ஒரே வார்த்தை: குறையுங்கள். இடையில் நிறுத்திக்கொள்ளும் வசதி ஓவர்வாட்ச் 2இல் வந்துவிட்டது என்றாலும், அணியை விட்டு இருபது அடி தள்ளிப் போய் நிற்கும் டேங்கை அந்த வசதி திரும்ப அழைத்து வருவதில்லை.

வின்ஸ்டன் என்ற டேங்க் வேறு கணக்கு. அவர் முன்வரிசையில் நிற்பவர் அல்லர். பாய்ந்து சென்று பின்வரிசையைக் கலைத்துவிட்டுத் திரும்புபவர். இங்கே நான் அடிக்கடி காணும் தவறு, தரையிறங்கிய அதே கணத்தில் குமிழி ஷீல்டைப் போட்டுவிடுவது. எதிரி இன்னும் சுடவே தொடங்காதபோது அதன் ஆயுளில் பாதி வீணாகிறது. அடி விழத் தொடங்கியபின் போட்டு, குமிழியின் விளிம்பில் உள்ளேயும் வெளியேயும் நகர்ந்துகொண்டே அடிப்பது நல்லது. அடுத்த தாவல் எப்போது தயாராகும் என்ற எண்ணிக்கை மனத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு. அதோடு எதிரணியின் ஹீலரான ஆனாவின் தூக்க ஊசி எங்கே போனது என்பதையும் கவனிக்க வேண்டும். அதை அவர் வேறு யார்மீதாவது எய்துவிட்டாரென்றால், பத்து நொடிக்கும் மேலாக உங்களைத் தூங்க வைக்க அவரிடம் எதுவும் இல்லை. பாய்வதற்கான நேரம் அதுதான்.

ஹீலர் தங்களைக் கவனிக்கவில்லை என்பது டேங்குகளின் நிரந்தரப் புகார். ரீப்ளேயில் அந்த ஹீலரின் கண்வழியாகப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் அவர் முன்னால் தெரிவது ஒரு செங்கல் சுவர். டேங்க் அதற்கு அப்பால் திரும்பிவிட்டார். சுவரை ஊடுருவிப் பெரும்பாலும் குணப்படுத்த முடியாது. மூலை திரும்புவதற்கு முன் அரை நொடி தயங்கினாலே போதும். அல்லது மைக்கில் "வலப்பக்கம் திரும்புகிறேன்" என்று ஒரு சொல்.

தோல்வி உறுதியான சண்டையில் செய்வதும் முக்கியம். இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள் என்றால் பின்வாங்குங்கள். பின்வாங்க வழியில்லை என்றால் சீக்கிரம் சாவதே மேல். தனியாகப் பதினைந்து நொடி தாக்குப்பிடித்துக் கடைசியில் விழும் டேங்க் வீரமாகத் தோன்றலாம். ஆனால் மீண்டும் உயிர்பெறக் காத்திருக்கும் நேரமும், அங்கிருந்து நடந்துவரும் நேரமும் சேர்ந்து, முன்பே எழுந்துவிட்ட நால்வரையும் அவருக்காகக் காத்திருக்க வைக்கின்றன. காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் செத்தால் அடுத்த சண்டையும் போயிற்று.

2016இல் ஆறு பேர் அணியாகத் தொடங்கிய இந்த விளையாட்டில், மூன்று டேங்குகளும் மூன்று சப்போர்ட்டுகளும் (ஹீலர்களும்) கொண்ட கோட்ஸ் என்ற அணியமைப்பு 2018-19இல் கோலோச்சியது. அதற்குப் பிறகு 2019இல் டேங்க், தாக்குபவர், சப்போர்ட் என ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர் என்று வரையறுத்தார்கள். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 வந்தபோது அணி ஐவராகி, டேங்க் ஒருவரே ஆனார். 2024 இறுதியில் ஆறு பேர் முறையைச் சோதனையாகத் திரும்பக் கொண்டுவந்தது, இந்த மாற்றம் எல்லாருக்கும் பிடிக்கவில்லை என்பதற்குச் சான்று. ஒருவரே டேங்க் என்றால் பழி முழுவதும் அவர் தலையில்தான். அதிலும் எதிரணி உங்கள் பாத்திரத்துக்கு எதிரான ஒன்றை எடுத்தவுடன், "மாற்று, மாற்று" என்று சாட்டில் கத்தத் தொடங்குவார்கள். ஒரு சண்டையில் தோற்றதற்காக மாற்றாதீர்கள். ஒரே காரணத்தால் இரண்டு சண்டைகள் தோற்றால் மாற்றுங்கள். வசவு எல்லை மீறினால் அந்த ஆளை மியூட் செய்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. குரல்வழியாக உருப்படியான தகவல் தருபவர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்க ரீப்ளேயே போதும். ஆட்டம் முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. நீங்கள் செத்த இடங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி பின்னால் சென்று, முதலில் உங்கள் ஹீலரின் கண்வழியாகவும், பிறகு எதிரி டேங்கின் கண்வழியாகவும் பாருங்கள். அந்தப் பத்து நொடிக்குள் அருகில் ஒரு சுவர் இருந்ததா, அதை ஏன் விட்டு விலகினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். விளையாட்டில் புதிய பேட்ச் (மென்பொருள் திருத்தம்) வந்துவிட்டால் பழைய ரீப்ளேக்கள் திறக்காது. ஆகவே ஆடிய அன்றே பார்த்துவிடுங்கள்.