டவர் பார்த்துக்கொள்ளும் என்று விதி சொல்லவில்லை: பறக்கப் பழகுபவர்களுக்கான மோதல் தவிர்ப்பு விதிகள்

கோலாலம்பூர் வட்டாரத்திலிருந்து பிள்ளையை விமானி பயிற்சிக்கு அனுப்பும் நம் பெற்றோர்கள் கட்டணம், கடன், முடித்த பிறகு வேலை என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் வானத்தில் எதிரே இன்னொரு விமானம் வந்தால் விலக்கிவிடுவது யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள், "அதுக்குத்தானே டவர் இருக்கு" என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் காட்டிச் சட்டென்று பதில் வரும். பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளே சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை.

நம் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சி.ஏ.ஏ.எம். நடைமுறைப்படுத்தும் வான்விதிகள், அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் இரண்டாம் இணைப்பை ஒட்டியவை. அதன்படி எந்த வான்வெளியில் பறந்தாலும், யாரோடு ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தாலும், மோதலைத் தவிர்க்கும் பொறுப்பு விமானத்தை ஓட்டுகிறவரை விட்டுப் போகாது. பயிற்சி பெரும்பாலும் வி.எஃப்.ஆர். முறையில், அதாவது கண்ணால் பார்த்துப் பறக்கும் முறையில் நடக்கிறது. வான்வெளியை எழுத்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள், வகுப்பைப் பொறுத்துக் கிடைக்கும் உதவி மாறும். 'சி' வகுப்பாக இருந்தால், கருவி முறையில் வரும் பெரிய விமானங்களிலிருந்து கட்டுப்பாட்டாளர்கள் உங்களைப் பிரித்து வைப்பார்கள். ஆனால் உங்களைப் போலவே கண்ணால் பார்த்துப் பறக்கும் இன்னொரு பயிற்சி விமானத்தைப் பற்றித் தகவல் மட்டும்தான் தருவார்கள். 'டி' வகுப்பில் பெரிய விமானத்தைப் பற்றியும் தகவல்தான், பிரித்து வைப்பதில்லை. 'ஜி' வகுப்பில் முடிந்த அளவுக்குத் தகவல் கிடைக்கும், அவ்வளவுதான். உங்கள் பயிற்சிப் பகுதி எந்த உயரம் வரை எந்த வகுப்பு என்பது சி.ஏ.ஏ.எம். வெளியிடும் ஏ.ஐ.பி. எனும் விமானத் தகவல் தொகுப்பில் இருக்கிறது, முதல் வாரத்திலேயே எடுத்துப் படித்துவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஓர் உரிமையும் இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. 'சி', 'டி' இரண்டு வகுப்பிலும் கண்ணால் பார்த்துப் பறப்பவர் கேட்டால், விலகிச் செல்லும் ஆலோசனையும் தரப்படும். கேட்டால்தான். "டிராஃபிக், டூ ஓ கிளாக், த்ரீ மைல்ஸ்" என்று கட்டுப்பாட்டாளர் சொல்கிறார், அதாவது கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் பக்கம், மூன்று மைலில் ஒரு விமானம். நீங்கள் வலது பக்கம் தேடுகிறீர்கள், ஒன்றும் தெரியவில்லை. "நெகட்டிவ் காண்டாக்ட்", அதாவது இன்னும் கண்ணில் படவில்லை என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு "டிராஃபிக் இன் சைட்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர், நீங்கள் பார்த்துவிட்டீர்கள், இனி விலகிப் போவது உங்கள் வேலை என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார்.

நம் வான்வெளி நெருக்கமானது. சுபாங் விமான நிலையத்துக்கும் கே.எல்.ஐ.ஏ.வுக்கும் நேர்கோட்டில் சுமார் 46 கிலோமீட்டர், 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் சிறு விமானத்துக்குக் கால் மணி நேரத் தூரம். சுபாங்கில் ஏ.டி.ஆர். எனும் சுழல்விசிறிப் பயணிகள் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் தனியார் ஜெட்களும் இருக்க, 2024 ஆகஸ்டிலிருந்து பயணிகள் ஜெட் சேவையும் திரும்ப வந்திருக்கிறது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து ஏறினால், சுமார் 22 கிலோமீட்டரில் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம்.

சரி, கண்ணால் பார்த்தால் போதுமா? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்குப்படி, எதிரே ஒரு விமானம் கண்ணில் பட்டு, அது விமானம்தான் என்று புரிந்து, மோத வருகிறது என்று உணர்ந்து, முடிவெடுத்து, கை அசைந்து, நம் விமானம் திரும்பத் தொடங்குவதற்குள் 12.5 வினாடி ஆகிவிடும். தலா 100 நாட் வேகத்தில் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் அந்த நேரத்தில் இடைவெளி சுமார் 1.3 கிலோமீட்டர் குறைந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், நேராக நம்மீது மோத வரும் விமானம் கண்ணாடியில் நகரவே நகராது, ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும், கடைசி சில வினாடிகளில்தான் திடீரென்று பெரிதாகும். நகர்வதைத்தான் கண் சீக்கிரம் பிடிக்கிறது. அதனால்தான் வானத்தைப் பத்துப் பத்து டிகிரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வினாடியாவது கண்ணை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள்.

முன்னுரிமை விதியில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. குறுக்கே சந்திக்கும்போது வலப்பக்கம் இருப்பவருக்கு வழி விட வேண்டும், நம் ரவுண்டபவுட்டில் செய்வது போலத்தான். ஆனால் நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். இடப்பக்கம் வண்டி ஓட்டிப் பழகிய கை பதற்றத்தில் இடப்பக்கமே போகப் பார்க்கும், இதைத் தரையிலேயே பலமுறை சொல்லிப் பழகுங்கள். முந்துகிறவரும் வலப்பக்கமாகத்தான் விலக வேண்டும். முன்னுரிமை உங்களுக்கே இருந்தாலும், எதிரில் இருப்பவர் விலகவில்லை என்றால் நீங்கள்தான் விலக வேண்டும்.

ஓடுபாதையைச் சுற்றி வரும் சர்க்யூட்டில்தான் எனக்குப் பயம் அதிகம். எல்லோரும் ஒரே இடத்துக்கு, ஒரே உயரத்துக்கு வந்து சேர்கிறார்கள். 2025 ஜூலை 8 அன்று கனடாவின் மனிட்டோபா மாநிலத்தில், ஏறி இறங்கப் பழகிக்கொண்டிருந்த இரண்டு பயிற்சி விமானங்கள் மோதி இரண்டு மாணவர்களும் இறந்தார்கள், ஒருவர் கேரளத்து இளைஞர். இரண்டு விமானத்திலும் ரேடியோ இருந்தது. செஸ்னா போல இறக்கை மேலே இருக்கும் விமானம் திரும்பும்போது, திரும்பும் பக்கத்தை இறக்கையே மறைக்கும். பைப்பர் போல இறக்கை கீழே இருந்தால் அடியில் இருப்பது தெரியாது. மேலே இருப்பவர் கீழேயும் கீழே இருப்பவர் மேலேயும் பார்க்க முடியாமல் ஒரே பாதையில் இறங்கி வர வாய்ப்பிருக்கிறது. திரும்பும் முன் அந்தப் பக்க இறக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். டிரான்ஸ்பாண்டர், அதாவது உங்கள் விமானத்தை மற்றவர்களுக்குத் தானாகவே அடையாளம் காட்டும் கருவி, உயரம் சொல்லும் நிலையில் இருக்கட்டும், பெரிய விமானங்களின் டிகாஸ் எனும் மோதல் எச்சரிக்கைக் கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் இல்லாமல் நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

புகைமூட்டக் காலத்தில் இன்னும் கவனம் தேவை. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் தரைப் பார்வைத் தூரம் 5 கிலோமீட்டருக்குக் குறைந்தாலோ மேகத்தளம் 1,500 அடிக்குக் கீழே இறங்கினாலோ, சிறப்பு அனுமதி இல்லாமல் கண்ணால் பார்த்துப் பறக்க முடியாது. 5 கிலோமீட்டர் இருந்தாலும் மாணவர் தனியாகப் போக அது போதாது என்பது என் கருத்து. தனியாகப் பறக்கப் பயிற்றுநரின் அனுமதி கட்டாயம், அதே போல "இன்று வேண்டாம் சார்" என்று சொல்ல மாணவருக்கும் இடம் இருக்க வேண்டும். பள்ளியில் சேரும்போதே இதைக் கேளுங்கள்.

நூலிழையில் தப்பினால் மறைக்காதீர்கள். அப்படி நெருங்கி வந்ததைத் தெரிவிப்பதற்கு ஏர்ப்ராக்ஸ் அறிக்கை என்று பெயர். ரேடியோவிலேயே உடனே சொல்லலாம், இறங்கியதும் பயிற்றுநரோடு உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும்: நேரம், உங்கள் உயரம், போன திசை, அந்த விமானம் கடிகார முள்ளில் எந்தப் பக்கம் தெரிந்தது, எவ்வளவு நெருக்கம், யார் எந்தப் பக்கம் திரும்பினார்கள். போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள விமான விபத்து விசாரணைப் பிரிவு விசாரிக்க நேர்ந்தாலும், அந்த விசாரணையின் நோக்கம் மறுபடி நடக்காமல் தடுப்பதுதான், யார்மீதும் பழி போடுவதல்ல. ஞாபகம் சீக்கிரம் கலைந்துவிடும், அதனால் அன்றே எழுதிவிடுங்கள்.