உமிழ்வுரிமப் பரிமாற்றகம்

உமிழ்வுரிமங்கள் கைமாறும் 'கார்பன் எக்ஸ்சேஞ்ச்' என்பதைக் 'கார்பன் பங்குச் சந்தை' என்று செய்திகளில் எழுதுகிறார்கள். அங்கே பங்கு எதுவும் விற்பதில்லை. பங்கு என்றால் ஒரு நிறுவனத்தின் உடைமையில் ஒரு கூறு. அதற்கு ஈவுத்தொகை உண்டு, வாக்குரிமை உண்டு. இங்கே கைமாறுவது ஒரு டன் கரியமில வாயுவையோ அதற்கு ஈடான வேறு பசுமைக்குடில் வாயுவையோ வெளியேற்றுவதற்கான அனுமதி. ஆலை அதைக் கணக்கில் ஒப்படைத்ததும் அது நீக்கப்பட்டுவிடும்.

'கார்பன்' இலத்தீன் 'கார்போ'விலிருந்து வந்தது, பொருள் கரி. 'கரிமம்' அதே தடத்தில் அமைந்த சொல். 'எமிஷன்' என்பதற்கு வெளியே அனுப்புதல் என்று பொருள். 'வெளியேற்றம்' நேர்ச்சொல்தான், ஆனால் கழிவுநீருக்கும் குடியிருப்பவர்களுக்கும்கூட அதையே சொல்கிறோம். இயற்பியலில் ஒளிக்கு ஏற்கெனவே வழங்கும் 'உமிழ்வு' துல்லியமானது.

தவறு மிகுவது அடுத்த இரண்டு சொற்களில். 'அலவன்ஸ்' என்பதைப் 'படி' என்றும் 'கொடுப்பனவு' என்றும் எழுதினால் சம்பளப் பட்டியல்தான் நினைவுக்கு வரும்; 'உமிழ்வுரிமம்' பொருந்தும். 'கிரெடிட்' என்பதைக் 'கடன்' ஆக்குவது பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது, அது 'வரவு'. உரிமம் அரசு வகுத்த உச்சவரம்புக்குள்ளிருந்து பிரித்துத் தரப்படுவது. வரவு, ஒரு திட்டம் உமிழ்வைக் குறைத்ததாகச் சரிபார்த்தபின் வழங்கப்படுவது. இரண்டும் ஒரு டன்தான், ஆனாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எல்லா இடத்திலும் ஒப்படைக்க முடியாது.

மாசுபடுத்தும் உரிமையை அளந்து விற்கலாம் என்று 1968இல் விரிவாக எழுதியவர் கனடாப் பொருளியலாளர் ஜான் டேல்ஸ். அமெரிக்கா 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடுக்கு இதை நடைமுறையாக்கியது. 1993இல் முதல் ஏலத்தை நடத்தித் தந்தது சிகாகோ வணிக வாரியம். அது தானிய முன்பேரத்தில், அதாவது பின்னால் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசுவதில், வளர்ந்த அமைப்பு, பங்குச் சந்தை அல்ல. 'பரிமாற்றகம்' என்ற பொதுச்சொல்லே தகும் என்பதற்கு இந்த வரலாறும் ஒரு சான்று.

2005இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தில் பரிமாற்றகத்தின் வேலையைத் தெளிவாகப் பார்க்கலாம். லைப்ஸிக் நகரின் ஐரோப்பிய மின்சாரப் பரிமாற்றகம் முதல்நிலை ஏலங்களை, அதாவது உரிமங்களின் முதல் விற்பனையை, நடத்துகிறது. பிறர் அறியாமல் விலை சொல்லும் மூடிய கேட்புகள், ஒரே சுற்று, வென்ற எல்லோருக்கும் ஒரே விலை. கேட்பு மொத்தம் விற்பனை அளவைவிடக் குறைந்தாலோ, விலை நடப்புச் சந்தை விலைக்கு வெகுவாகக் கீழே போனாலோ ஏலம் ரத்து. வாங்கியவர்கள் தங்களுக்குள் விற்று வாங்கும் இரண்டாம் நிலையில் டிசம்பர் முன்பேர ஒப்பந்தமே விலைக்கு அளவுகோல். ஓர் ஒப்பந்தம் 1,000 உரிமங்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் தீர்வகம் நிற்கும்: இருவரிடமும் பிணைத்தொகை வாங்கி, அன்றாட விலை மாற்றத்தைக் கணக்கில் கூட்டிக் கழிக்கும். ஒருவர் கைவிட்டாலும் மற்றவருக்கு உரிமமோ பணமோ வந்துசேரும்.

உரிமங்கள் இருப்பது பரிமாற்றகத்தில் அல்ல, அரசுப் பதிவேட்டில். சீனாவில் வணிகம் ஷாங்காயில், பதிவேடு வூஹானில். இந்தப் பிரிவு தெரியாவிட்டால் பழி தவறான இடத்தில் விழும். 2011 ஜனவரியில் உரிமங்கள் திருடுபோனது நாடுகளின் பதிவேட்டுக் கணக்குகளிலிருந்து. ஐரோப்பியத் திட்டத்தின் முதல் கட்ட உரிமங்களின் விலை 2007இல் ஏறத்தாழ பூச்சியத்துக்கு இறங்கியதற்குக் காரணம், அரசுகள் தேவைக்கு மேல் வழங்கியதும் அவற்றை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக முடியாததும். பரிமாற்றகம் அந்த விலையைக் காட்டியது, அவ்வளவே. 2009 வாக்கில் நடந்த மதிப்புக்கூட்டு வரி மோசடி வேறு வகை. மோசடிக்காரர்கள் உரிமங்களை வரியில்லாமல் வேறு நாட்டிலிருந்து வாங்கி, உள்நாட்டில் வரியோடு விற்று, வசூலித்த வரியை அரசுக்குக் கட்டாமல் மறைந்தார்கள். நிமிடங்களில் முடியும் உடனடி வணிகம் அவர்களுக்கு வசதியாயிற்று.

2018 முதல் ஐரோப்பியச் சட்டம் உமிழ்வுரிமத்தை நிதிக் கருவியாக வகைப்படுத்துகிறது. பங்காக அல்ல, ஆனால் உள்தகவல் வணிகத் தடை இதற்கும் உண்டு. பெரிய மின்நிறுவனம் ஒன்று தன் நிலையம் பல மாதம் நிற்கப்போவதை, அதனால் உரிமத் தேவை குறையும் என்று தெரிந்தே மறைத்து, செய்தி வெளிவருமுன் உரிமங்களை விற்றுவிட்டால் அது குற்றம்.