பன்னாட்டு உடன்படிக்கைக்குப் பொது வாக்கெடுப்பு எப்போது தேவை? அயர்லாந்தின் நடைமுறை

அயர்லாந்து அரசாங்கம் கையெழுத்திடும் ஒவ்வொரு பன்னாட்டு உடன்படிக்கையும் மக்களின் வாக்கெடுப்புக்குச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 29ஆவது உறுப்பு வெளியுறவு அதிகாரத்தை அரசாங்கத்திடமே ஒப்படைக்கிறது. பொதுப் பணத்தில் செலவு வைக்கும் உடன்படிக்கையானால் மட்டும் நாடாளுமன்றக் கீழவையின் ஒப்புதல் வேண்டும். உடன்படிக்கையை ஏற்க அரசியலமைப்பையே திருத்த வேண்டிய நிலை வரும்போதுதான் பொது வாக்கெடுப்பு கட்டாயமாகிறது.

அந்த நிலை எப்போது வருகிறது என்பதை உணர்த்தியவர் ரேமண்ட் கிராட்டி. விவசாயியாக இருந்து பொருளியலாளரான இவர், ஐரோப்பிய சமூகத்தின் அடிப்படை ஒப்பந்தங்களைத் திருத்திய, ஒற்றை ஐரோப்பியச் சட்டம் எனப்பட்ட உடன்படிக்கையை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். ஏற்புறுதி ஆவணத்தை, அதாவது உடன்படிக்கைக்குக் கட்டுப்பட நாடு இறுதியாக ஒப்புக்கொள்ளும் ஆவணத்தை, அவற்றைப் பெற்றுவைக்கும் பொறுப்பில் இருந்த இத்தாலிய அரசிடம் ஒப்படைக்க விடாமல், 1986 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1987 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வெளியுறவுக் கொள்கையைத் தானே வகுக்கும் உரிமையைக் கட்டுப்படுத்திக்கொள்ள அரசாங்கத்துக்கு அதிகாரமில்லை, அதை மக்கள்தான் அளிக்க முடியும் என்று 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தனி மனிதர் ஒருவரின் மனுவால் ஒரு நாட்டு மக்களுக்கு இவ்வளவு பெரிய உரிமை உறுதியானது மிகவும் போற்றத்தக்கது. அடுத்த மாதமே வாக்கெடுப்பு நடந்து, ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஆதரித்தனர்.

ஆனால் இந்தத் தீர்ப்பு எல்லா உடன்படிக்கைக்கும் பொருந்தாது. நிதி நெருக்கடியில் சிக்கும் யூரோ நாடுகளுக்குக் கடனுதவி தரும் ஐரோப்பிய நிலைப்படுத்தல் பொறியமைவு உடன்படிக்கையில் சேர்வது, அரசாங்கம் தன் கொள்கை அதிகாரத்தைப் பயன்படுத்துவதே அன்றி விட்டுக்கொடுப்பதன்று என்று 2012இல் அதே நீதிமன்றம் கூறியதால், அதற்கு வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் கனடாவுடன் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை பற்றிய வழக்கில், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அரசின் மீது தொடுக்கும் வழக்குகளை விசாரிக்கும் முதலீட்டாளர் தீர்ப்பாயங்களின் தீர்ப்புகள் அயர்லாந்து நீதிமன்றங்களைத் தாண்டிச் செயல்படுத்தப்படும் என்பதால், இருக்கும் சட்டநிலையில் ஏற்புறுதி செய்ய முடியாது என்று 2022 நவம்பரில் 4க்கு 3 என்று முடிவானது. எனினும் நடுவர் தீர்ப்புகளைச் செயல்படுத்துவது பற்றிய 2010ஆம் ஆண்டின் நடுவர் சட்டத்தைத் திருத்தினாலே அந்தத் தடை நீங்கும், வாக்கெடுப்பு வேண்டியதில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர்.

வாக்கெடுப்பு நடந்தாலும், வாக்குச்சீட்டில் உடன்படிக்கையை ஏற்கிறீர்களா என்ற கேள்வி இருக்காது. குறிப்பிட்ட திருத்த மசோதாவில் உள்ள முன்மொழிவுக்கு ஒப்புதல் தருகிறீர்களா என்றே கேட்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்முறையைச் சீரமைத்த லிஸ்பன் உடன்படிக்கைக்கான திருத்தத்தை மக்கள் 2008 ஜூனில் நிராகரித்து, 2009 அக்டோபரில் 67 விழுக்காட்டு வாக்குகளால் ஏற்றபோதும், அரசியலமைப்பில் சேர்ந்த வாசகம் ‘அரசு ஏற்புறுதி செய்யலாம்’ என்றுதான் அமைந்தது; ‘செய்ய வேண்டும்’ என்று அன்று.